இடம் எழுதாத லேபிள்

கருமுடி மலையில் பஸ்ஸுக்குள் பெரணிச் செடி முளைத்து, அதற்குத் தண்ணீர் ஊற்றுவது கண்டக்டரின் வேலைகளில் ஒன்றாக இருந்த காலம் ஒன்று உண்டு. ரேஷன் கடைத் தராசிலும் பாலத்தின் கைப்பிடியிலும் பெரணி சுருள் அவிழ்த்து நிற்க, அதை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு மறுகையால் பையை நீட்டி அரிசி வாங்கிக்கொண்டு போன காலம் அது. அந்தக் காலம் தொடங்கியது ஒரு லேபிளில். அரை விரல்நகம் அகலமுள்ள காகிதத்தில், அந்தோணியார் தெருவின் கடைசி வீட்டிலிருந்த இன்னாசி, மனைவி இறந்த பதினோராம் நாள் எழுதிய ஒரே ஒரு வார்த்தையில்.

இன்னாசி ஒரு காலத்தில் பூச்சி ஆபீஸில் தட்டுச் சுமந்தவர். தேயிலையில் விழும் பூச்சிகளைப் பார்க்க வந்த அதிகாரிகளுக்குப் பின்னால் வெள்ளை எனாமல் தட்டையும் கண்ணாடிக் குப்பிகளையும் தூக்கிக்கொண்டு நடந்து, அவர்கள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தே தொழிலைப் படித்துக்கொண்டவர். ஆபீஸை மூடிவிட்டு அதிகாரிகள் இறங்கிப் போனபோது, ஒரு பக்கம் பூஞ்சை பிடித்த மைக்ராஸ்கோப்பை இவரிடம் விட்டுப்போனார்கள். அவர்கள் மறந்துபோன வேலையை இவர் மறக்கவில்லை. இவர் மட்டுமல்ல, இவர் மனைவி சலேத்தும் மறக்கவில்லை. சலேத்து கொழுந்து பறிக்கிறவள். ஓடுகிற ஓட்டத்தில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்துப் பழகிய கண், அதற்கு அரிசி முனையைவிடச் சிறிய பூச்சியும் தப்பாது.

கோழிப்பாறை ஓடையில் ஒரு நாள், பெரணி ஓலைகள் வெள்ளி பூசியதுபோல் வெளுத்து நிற்பதை அவள்தான் முதலில் பார்த்தாள். தட்டை அடியில் பிடித்து ஓலையை இரண்டு தட்டுத் தட்ட, கறுப்பாக, கிழிந்த நூல் துணுக்குகள் போலப் பதினொன்று விழுந்தன. இலைப்பேன். பூவிலும் மிளகாயிலும் இருக்கும் இலைப்பேனை எல்லாருக்கும் தெரியும். பெரணியைத் தவிர வேறு எதையும் தின்னாத இலைப்பேனை இந்த மலையில் யாரும் பார்த்ததில்லை. இறகுபோல மயிர் வைத்த சிறகு, இடது பக்கம் மட்டும் ஒரே ஒரு தாடை, அதனால் ஓலையைக் கீறிச் சாறு குடித்துக் குடித்து வெள்ளியாக்கிவிடும் பொறுமை. இன்னாசி அவற்றைக் குப்பியில் போட்டுச் சென்னையில் பூச்சிகளுக்குப் பேர் சொல்கிற பாகீரதி அம்மாவுக்குத் தபாலில் அனுப்பினார். அந்த அம்மாவின் பதில் நாலு வரி. இதைப் போல ஒன்று கடல் தாண்டித் தீவில் இருக்கிறது; அதுதானா இது, வேறா என்று பெண்ணை வைத்துச் சொல்ல முடியாது; ஆண் வேண்டும்; புது இனம் என்றால் முதலில் கண்டவர் பேரை வைப்பேன்.

அதன்பிறகு பத்தொன்பது வருஷம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இரண்டு பேரும் தட்டோடு கிளம்பினார்கள். ஓடை ஓடையாக, சரிவு சரிவாக, யானை வழியும் அட்டைக் காடும் தாண்டி, பெரணி கண்ட இடமெல்லாம் தட்டினார்கள். விழுந்ததெல்லாம் பெண். அந்த இனத்தில் பெண் தனியாகவே முட்டையிட்டுத் தனியாகவே குஞ்சு பொரித்து மலை முழுதும் பரவிக்கொண்டிருந்தது.

"இதுங்களுக்கு ஆம்பளையே வேணாம் போல. குடுத்து வச்சதுங்க" என்பாள் சலேத்து.

"அப்ப நான் போயிரட்டுமா?"

"போயிட்டா லேபிள் யாரு எழுதுறது?"

லேபிள் எழுதுவது அவர்கள் வீட்டில் இரண்டு பேர் செய்கிற வேலை. ஒவ்வொரு குப்பிக்குள்ளும் நாலு வரி போக வேண்டும்: இடம், செடி, தேதி, சேகரித்தவர். இடத்தைச் சலேத்து தன் நோட்டைப் பார்த்து வாசிப்பாள்; இன்னாசி மெல்லிய நிப்பால், எறும்பின் கால் போல எழுதுவார். "கோழிப்பாறை ஓடை, வலது கரை" என்று அவள் குரல் வரும், கை எழுதும். கண்ணுக்கு அங்கே வேலையில்லை. இடத்தின் பேரை அவளை முந்திக்கொண்டு எழுதினால் அவளுக்குக் கோபம் வரும். "போய் நின்னு பாத்தவ நான். பாக்காத இடத்தை எழுதாதீங்க" என்பாள். அவரும் போயிருப்பார், அவரும் நின்றிருப்பார். ஆனாலும் இடத்தைச் சொல்வது அவள் பாத்தியதை என்று அவர் விட்டுவிட்டார்.

வைகாசியில் ஒரு வாரக் காய்ச்சலில் சலேத்து போனாள். பதினோராம் நாள் மாலை நாலு மணிக்கு, மிச்சமிருந்த குப்பிகளை மேஜையில் அடுக்கி, அவள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னாசி ஜன்னலோரம் உட்கார்ந்தார். கண் வாசித்தது. இடம் என்ற வரிக்கு வந்ததும் கை அசையவில்லை. பத்தொன்பது வருஷம் காதின் பேச்சை மட்டும் கேட்டுப் பழகிய கை அது. குப்பிகளின் ஸ்பிரிட் வாசனையில் அப்படியே உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து வீட்டுப் பிலோமி பின்வாசல் வழியாக வந்து, "அண்ணே, அடுக்களையில ரசம் வச்சிருக்கேன், ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். கை எழுதியது: இடம் – அடுக்களை.

அவர் அதைக் கவனிக்காமல் குப்பியில் போட்டு மூடினார். மறுநாள் காலை, விறகு அடுக்கிய சுவரின் இடுக்கிலிருந்து முழம் உயரத்துக்குப் பெரணி வந்திருந்தது. ஓலை பாதி வெள்ளியாகியிருந்தது. இன்னாசி தட்டை அடியில் பிடித்துத் தட்டிப் பார்த்தார்; ஏழு விழுந்தன. அப்புறம்தான் குப்பியை எடுத்து லேபிளைப் படித்தார். ஏழும் பெண்தான்.

பிலோமி வந்து பார்த்தாள். "இது எப்ப வச்சீங்க?"

"எழுதுனேன்."

"சரி, எழுதுனதுதான் எழுதுனீங்க, அடுப்புக்குக் கொஞ்சம் தள்ளி எழுதியிருக்கலாம்ல? புகையில வாடிரும்" என்றாள்.

அது வாடவில்லை. அடுத்த வாரம், லேபிள் முன்னால் அவர் குனிந்திருக்கும்போது தெருவில் கடைசி பஸ் வந்து நின்று, கண்டக்டர் வெள்ளியங்கிரி படியில் தொங்கிக்கொண்டு, "அஞ்சு நாப்பது வண்டி! அஞ்சு நாப்பது வண்டி!" என்று கத்தினார். மறுநாள் அந்த வண்டியில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால், தகரமும் தகரமும் சேருமிடத்தில் பெரணி இருந்தது. டிரைவர், பின்னால் யாரோ விசிறுவதுபோல இருப்பதாகச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். வெள்ளியங்கிரி இன்னாசியை வழியில் பார்த்து, "ஏனுங்க அண்ணா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சன்னல் சீட்டா பாத்துக் குடுத்திருப்பேனுங்களே" என்று வருத்தப்பட்டார். செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறிய அன்றைக்கு அது சரக்கா பயணியா என்று ஒரு பேச்சு வந்து, இரண்டும் இல்லை, வண்டியோடு சேர்ந்ததுதான் என்று முடிவாயிற்று.

இன்னாசி எல்லாவற்றையும் பாகீரதி அம்மாவுக்கு எழுதினார். அவர் ஒளிப்பதில்லை. அந்த அம்மாவும் ஆச்சரியப்படவில்லை. "அடுக்களை, பஸ் – இரண்டையும் பரவல் வரைபடத்தில் புள்ளி வைத்துவிட்டேன். பஸ் ஓடுவதால் அதற்குப் புள்ளிக்குப் பதில் கோடு போட்டிருக்கிறேன். ஆண் உண்டா?" என்று கேட்டிருந்தார்.

விஷயம் ஊருக்குத் தெரிந்தபிறகு, இன்னாசியிடம் கேட்டுப் பயனில்லை என்பதும் ஊருக்குத் தெரிந்துபோயிற்று. மலைக்கு வருகிறவர்களை வரவேற்கும் வளைவின் உச்சியில் பெரணி வேண்டுமென்று கேட்ட கவுன்சிலரை, "நான் பாக்காத இடம், எழுத மாட்டேன்" என்று அனுப்பிவிட்டார். ஆனால் கேட்கத் தேவையில்லை, காதில் விழுந்தால் போதும் என்பதை, ஊர் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் சாயாக்கடைக் குஞ்ஞாலி கண்டுபிடித்தார். நாலு மணி ஆனதும் இன்னாசியின் ஜன்னலுக்குக் கீழே ஆட்கள் வந்து நின்று, யாரோடோ பேசுவதுபோலச் சத்தமாக இடங்களின் பேரைச் சொல்லத் தொடங்கினார்கள். "துவைக்கிற கல்லு, பின்பக்கம்!" "ரேஷன் கடை, தராசு, இடது தட்டு!" "குஞ்ஞாலி காக்கா கடை, பாய்லருக்கு மேல!" கொழுந்தன் வீட்டோடு சண்டை போட்டிருந்த ஒரு பெண், "எங்க கொழுந்தன் மோட்டார் சைக்கிள், சீட்டுக்கு அடியில!" என்று கத்திவிட்டு ஓடினாள். இன்னாசி காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார். இடம் என்ற வரியில் கை ஒரு எழுத்தும் எழுதவில்லை. குப்பிகள் காத்துக் கிடந்தன. பஞ்சை எடுத்தார். தராசு வந்தது, துவைக்கிற கல் வந்தது, பாலத்துக் கைப்பிடி வந்தது, கொழுந்தனின் சீட்டுக்கு அடியிலும் வந்தது. எத்தனையோ குரல்கள் அந்த ஜன்னலுக்கு வந்தன. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்பார், அவர் கேட்க நினைத்த குரல் அதில் இல்லையென்று தெரிந்ததும் கை எழுதத் தொடங்கும்.

ஊர் பெரணிக்குப் பழகிவிட்டது. கல்யாண மேடைக்கு வெள்ளி ஓலையைத் தேடி வெட்டினார்கள், பச்சை ஓலையை ஏழை வீட்டு அலங்காரம் என்று சொல்லும் அளவுக்குப் போனது. குடத்து வாயில் முளைத்த பெரணியோடு தண்ணீர் சுமந்தார்கள். இன்னாசி மட்டும் ஒவ்வொரு இடத்துக்கும் தட்டை எடுத்துக்கொண்டு போனார். தராசைத் தட்டினார், மோட்டார் சைக்கிளைத் தட்டினார், ஓடும் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் தட்டினார். எல்லாம் பெண்.

ஐப்பசியில் பாகீரதி அம்மாவின் கடிதம் வந்தது. கையெழுத்து வரிக்கு வரி சரிந்திருந்தது. "எனக்குப் பார்வை மங்குகிறது. மார்கழிக்குள் பட்டியலை முடித்துக் கொடுத்துவிட வேண்டும். ஆண் வராவிட்டால் உங்கள் பூச்சியைத் தீவுப் பூச்சியின் பேரிலேயே சேர்த்துவிடுவேன். உங்கள் மனைவியின் கண்டுபிடிப்பு என்று தனியாக எதுவும் இருக்காது. மன்னிக்கவும்." இன்னாசி அதை மூன்று தடவை படித்தார். மேஜையில் லேபிள் எழுதாத குப்பிகள் தீர்ந்துபோயிருந்தன. சலேத்து பிடித்த பூச்சி இனி ஒன்றுகூட இல்லை.

கல்லறைத் திருநாளன்று ஊரே கல்லறைத் தோட்டத்தில் இருந்தது. எல்லாக் குழியின் மேலும் மெழுகுவர்த்தி, சாமந்தி, சுற்றிலும் வெள்ளிப் பெரணி. சலேத்தின் கல்லுக்கு இன்னாசி ஒன்றும் வைக்கவில்லை. புல்லை மட்டும் பிடுங்கிக்கொண்டிருந்தார். பிலோமி பக்கத்தில் உட்கார்ந்து, ஊர் பல மாதமாக நினைத்துக்கொண்டு சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னாள்.

"இடம்னு எழுதுனா பெரணி வருது. நாலாவதா ஒரு வரி இருக்கே அண்ணே. சேகரிச்சவர்னு. அதுல எங்க சலேத்துக்கா பேரை, நாளைத் தேதி போட்டு எழுதுனா என்ன?"

இன்னாசி அடுத்த புல்லைப் பிடுங்கினார். ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு வந்த பங்குச் சாமியார் அவருக்குப் பின்னால் நின்றுவிட்டார். அவர் காதிலும் விழுந்திருந்தது.

"இந்தக் கல்லும் ஒரு லேபிள்தானே இன்னாசி" என்றார் மெதுவாக. "பேரு, தேதி, இடம், எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கு."

"ஆமா சாமி. ஆனா அது நான் எழுதுனதில்ல."

சாமியார் தீர்த்தத்தைக் கல்லின் மேல் தெளித்துவிட்டு, மிச்சத்தை இன்னாசியின் வலது கையின் மேலும் தெளித்துவிட்டுப் போனார். அது அனுமதியா எச்சரிக்கையா என்று ஊர் பிற்பாடு வெகுநாள் பேசியது.

அன்று நாலு மணிக்கு இன்னாசி ஜன்னலோரம் உட்கார்ந்தார். பிலோமி அதற்கு முன்பே வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தாள்: இன்றைக்கு ஒருத்தரும் அந்தத் தெருவில் வாயைத் திறக்கக் கூடாது, மனுஷன் முக்கியமானதை எழுதப் போகிறார். குஞ்ஞாலி பாய்லரின் விசிலை அடைத்தார். கோழிகளைக் கூடையில் கவிழ்த்தார்கள். வெள்ளியங்கிரி விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்; டிரைவர் எஞ்சினை அணைத்து, அஞ்சு நாற்பது வண்டியைச் சரிவில் ஓசையில்லாமல் உருட்டிக்கொண்டு போனார். ஒரு ஊர் ஒரு மனிதனுக்காக அவ்வளவு அமைதியாக இருந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

காலிக் குப்பி ஒன்றில் ஸ்பிரிட் ஊற்றி வைத்து இன்னாசி எழுதினார். இந்த மூன்று வரிகளையும் அவர் யாரும் சொல்லாமலே எழுதிப் பழகியவர். செடி – பெரணி. தேதி – நவம்பர் மூன்று. சேகரித்தவர் – சலேத்து. இடம் என்ற வரிக்கு நிப்பைக் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். அந்த வரியை அவள்தான் சொல்ல வேண்டும். தெருவில் ஒரு இருமல்கூட இல்லை. நிப்பில் மை காய்ந்தது. இருட்டத் தொடங்கியபோது லேபிளை அப்படியே குப்பிக்குள் போட்டு, உதட்டில் இழுத்து முனை கூட்டி அவள் பூச்சியைத் தொட்டெடுக்கும் மெல்லிய பூஜ்ய நம்பர் பிரஷ்ஷைப் பக்கத்தில் வைத்தார்.

மூன்றாம் தேதி காலையில் வீட்டைக் கூட்டினார். பிலோமி சீனிக்கிழங்கு அவித்துக் கொண்டுவந்தாள். சலேத்துக்குப் பிடித்தது அது. இரண்டு தம்ளரில் பாலில்லாத கட்டஞ்சாயா ஊற்றி வைத்துவிட்டு, இன்னாசி வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்தார். தெருவில் ஆட்கள் சும்மா போவதும் வருவதுமாக இருந்தார்கள். கொழுந்து பறிக்கப் போனவர்கள் பாதி நாளில் திரும்பினார்கள். பனி இறங்கி ஏறியது. பள்ளிக்கூடம் விட்டது. கோழிகள் கூடையிலிருந்து வெளியே வந்து அவர் வாசலைக் கிளறின. பஸ் வந்து, வழக்கத்தைவிட அதிக நேரம் நின்று, ஒருவரும் இறங்காமல் போனது. சாயா ஆறியது, பிலோமி வந்து கொட்டிவிட்டு வேறு ஊற்றினாள், அதுவும் ஆறியது.

விளக்கு வைக்கிற நேரத்தில் பிலோமி கதவில் சாய்ந்து நின்று, "வரல போலண்ணே" என்றாள்.

"ம்" என்று எழுந்து, குப்பியை எடுத்து உள்ளே வைக்கலாமென்று இன்னாசி மேஜைக்குத் திரும்பினார். குப்பிக்குள் ஸ்பிரிட்டின் அடியில் ஒரு துணுக்கு கிடந்தது. கறுப்பில்லை, வெளிறிய மஞ்சள். மற்றதில் பாதிதான் இருக்கும். பிரஷ்ஷைத் தொட்டுப் பார்த்தார். அதன் முனை, உதட்டில் வைத்து இழுத்ததுபோல ஈரமாக, ஊசியாகக் கூடியிருந்தது.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது வயிற்றின் அடியில், ஆண் இலைப்பேனுக்கு மட்டும் இருக்கும் வெளிர் வட்டங்கள், மூன்று தெரிந்தன. இன்னாசி கண்ணை எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

பாகீரதி அம்மாவின் பதில் பத்து நாளில் வந்தது. அவர் சொல்ல யாரோ எழுதிய கடிதம். "ஆண்தான். தீவுப் பூச்சிக்கு வட்டம் ஒன்று; இதற்கு மூன்று. இது வேறு இனம். சலேத்து பேரில் பதிகிறேன். ஆனால் லேபிளில் இடம் விட்டுப்போயிருக்கிறது. லேபிளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எங்கே கிடைத்தது என்று எழுதி அனுப்புங்கள்."

அந்தோணியார் தெருவில் அன்று ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். பிலோமி மட்டும் தலையில் அடித்துக்கொண்டாள். "ஊரு வாயைக் கட்டிப்போட்டது நான்தானே. நானே உங்க ஜன்னல்ல நின்னு வீடுன்னு ஒரு சத்தம் குடுத்திருந்தா அன்னைக்கே நடந்து வந்திருப்பாளே. இப்பவாவது எழுதுங்கண்ணே. அடுக்களைன்னு எழுதுங்க. எழுதுனா அவ இங்கதான் வந்தாள்னு ஆயிரும்ல?"

இன்னாசி லேபிளை மேஜையில் வைத்து, நிப்பை மையில் தோய்த்தார். அடுக்களையில் பெரணி, காற்றில்லாமலே லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"ஆயிரும் பிலோமி" என்றார். "அவ இங்கதான் வந்தா, இந்த மேஜைகிட்ட, என் முதுகுக்குப் பின்னால நின்னு வேலையை முடிச்சா, நான் வாசலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன், அவ கூப்பிடாமலே போயிட்டான்னு ஆயிரும்."

பிலோமி முந்தானையால் மேஜையின் ஓரத்தைத் துடைத்துவிட்டுப் போனாள்.

லேபிள் அப்படியே திரும்பிப் போனது. பட்டியல் அச்சாகி வந்தபோது, அதில் சலேத்தின் பேர் சாய்ந்த எழுத்தில் இருந்தது. பெண் கிடைத்த இடங்களாக ஓடை, சரிவு, அடுக்களை, தராசு என்று அரைப் பக்கம் இருந்தது. பஸ்ஸுக்கு ஒரு கோடு இருந்தது. கடைசியில் ஒரே வரி: ஆண் – ஒன்று, இடம் தெரியவில்லை.

ஊர் அதன்பிறகு அவர் ஜன்னலில் வந்து கத்தவில்லை. இருக்கிற பெரணி போதுமென்று சொல்லிக்கொண்டார்கள். அடுத்தடுத்த மழைகளில் தராசில் இருந்தது காய்ந்தது, பஸ்ஸை மாற்றினார்கள், துவைக்கிற கல் உடைந்தது. இன்னாசி மட்டும் ஞாயிற்றுக்கிழமை என்றில்லாமல் எல்லா நாளும் தட்டோடு கிளம்பிப் போனார். இன்னொரு ஆண் எந்தப் பெரணியிலிருந்து விழுகிறதோ அந்த இடத்துக்குத்தான் அவள் அன்றைக்கு வந்துபோனாள் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. மலையில் பெரணிக்குக் குறைவில்லை. ஒரு ஓலையைத் தட்டுவார், குனிந்து பார்ப்பார், எல்லாம் கறுப்பாக இருக்கும், ஒன்றை மட்டும் பிரஷ்ஷால் தொட்டுக் குப்பியில் விட்டுக்கொண்டு அடுத்த ஓலைக்குப் போவார்.

மாலை நாலு மணிக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து லேபிள் எழுதுவார். இப்போது வாசிப்பதும் அவர்தான். "கோழிப்பாறை ஓடை, வலது கரை" என்று வாய்விட்டுச் சொல்லுவார். சொல்லிவிட்டு, தப்பென்றால் அவள் திருத்தட்டும் என்று கொஞ்ச நேரம் நிப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பார். பிறகு எழுதுவார்.